சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம்

ஏங்க, அந்த ஃபைலக் கொஞ்சம் மடியில எடுத்து வச்சுக்கங்க, நான் இங்க உக்காந்துக்கறேன். அந்தப் பக்கம் உக்கார முடியல. ஒரு ஆளு கால் புண்ணுக் கட்டப் பிரிச்சு வச்சுக்கிட்டு ஈ ஓட்டிக்கிட்டு இருக்காரு. வாடை குமட்டுது. காலையில தின்ன ரெண்டு இட்லியும் வெளிய வந்துரும் போல இருக்கு. வரக் கூடாது. வந்துச்சுன்னா, நாளைக்கு மறுபடி வாம்மான்னு அந்த ரத்தம் எடுக்கற பொண்ணு சொல்லிரும்.

நான் நோயாளி இல்லைங்க. அத முதல்லயே சொல்லிடறேன். சிரிக்காதீங்க. நாப்பத்தெட்டு வயசாவுது, தலைவலின்னு ஒரு மாத்திரை முழுங்கினவ இல்ல நான். இங்க வந்தது ஒரு நம்பர் பொய்யின்னு காட்டறதுக்கு. வெறும் வயித்துல ஒரு தடவ குத்தியாச்சு. சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ குத்தணுமாம். அதுக்குத்தான் இந்தக் கருமம் புடிச்ச பெஞ்சுல உக்காந்திருக்கேன். நம்பர் கம்மியா வரும். அத வாங்கிட்டுப் போயி அந்த ஜெசிந்தா மூஞ்சியில விட்டெறியணும்.

ஜெசிந்தாங்கறது எங்க ஊரு நர்ஸு. வண்டியில பையத் தொங்க விட்டுக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்குற பொம்பள. புள்ளத்தாச்சி இருக்கற வீடுன்னா மோப்பம் புடிச்சுட்டு வந்துரும். நல்லவதான், இல்லேன்னு சொல்லல. ஆனா விடாக்கண்டி.

எனக்குத் தொழில் சீர் பலகாரம் போடறது. எங்க பக்கம் எந்த வளைகாப்பு, எந்தத் தல தீபாவளின்னாலும் அதிரசம்னா இந்திராணிதான். பாகுல விரல விட்டு நக்கிப் பாத்துத்தான் பதம் சொல்லுவேன். இருபது வருஷமா அப்படித்தான். இந்த உடம்புக்கு சுகர் வர்றதா இருந்தா எப்பவோ வந்திருக்கணுமா இல்லையா? வரலைல்ல? அதுலேர்ந்தே தெரியலையா?

சரி, கதைக்கு வரேன். எனக்கு ஒரே மக, மேகலா. முசிறிப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கேன். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சம்பந்தியம்மா, ருக்மணின்னு பேரு, காபி டம்ளரக் கீழ வச்சுட்டுக் கேட்டாங்க: "உங்க குடும்பத்துல சுகரு, பிரஷரு இந்த மாதிரி யாருக்காச்சும் உண்டா?" மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி ஒரு கேள்வி. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா பொண்ணப் பெத்தவ, என்ன பண்றது? சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "எங்க பரம்பரையிலயே கெடையாதுங்க." அது பொய் இல்லைங்க. எங்க பரம்பரையில யாரும் போயி பாத்ததில்ல. பாக்கலேன்னா இல்லேன்னுதானே அர்த்தம்?

ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு மகள வீட்டுக்கு அழைச்சுட்டு வந்தேன். பதினோரு தட்டுப் பலகாரம், எல்லாம் என் கையால. வந்த மறு வாரமே ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டு, ஒரு பாக்கெட் குளுக்கோஸ டம்ளர்ல கரைச்சு, "இத ஒரே மூச்சுல குடி"ன்னு மேகலா கையில குடுத்துருச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. நூத்தி அறுவத்தி நாலாம். சுகராம். நீங்களே சொல்லுங்க, அவ்வளவு சக்கரைய வாயில ஊத்திட்டு ரத்தத்த எடுத்தா சக்கரை வராம காரமா வரும்?

"இது கர்ப்ப காலத்துல மட்டும் வர்ற சுகருக்கா, பயப்படாதீங்க, சாப்பாட்டுலயே கட்டுப்படுத்திரலாம்"னுச்சு ஜெசிந்தா. நான் கேட்ட முதக் கேள்வி, "இந்தப் புள்ளத்தாச்சி அட்டையில எழுதுவீங்களா?" எழுதிருச்சு. செவப்பு மையில. நான் அந்த அட்டைய அரிசி டின்னுக்கு அடியில வச்சேன். மாப்ளைக்குச் சொல்லாதடின்னு மக கிட்ட சத்தியம் வாங்கினேன். அவளுக்கு இஷ்டமே இல்ல. "ஏம்மா, அவருகிட்ட சொன்னா என்ன?"ன்னா. என்னவா? நாளைக்கு அந்த ருக்மணி ஊரெல்லாம், நோயிருக்கற பொண்ண ஏமாத்திக் கட்டி வச்சுட்டாங்கன்னு சொல்லும். என் பலகாரத்த அப்புறம் எவ வாங்குவா?

மேகலா மட்டும் நர்ஸு சொன்னத அப்படியே கேட்டா. நான் வாயில ஊட்டப் போனாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவா. சாப்ட்டதும் மாடியில அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பா. எனக்குப் பாக்கவே எரிச்சலா இருக்கும். பொண்ணுதான் பொறந்துச்சு. மூணு கிலோ. தங்கம் மாதிரி. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா சுகரும் இல்ல. போயிருச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

அத்தோட விடலாமில்ல? விடாதே அந்த ஜெசிந்தா! புள்ளைக்கு நாப்பத்தஞ்சாம் நாள் தடுப்பூசிக்கு வரச் சொல்லுச்சு பாருங்க, அப்ப, "மேகலாவ வெறும் வயித்தோட அழைச்சுட்டு வாங்கக்கா, மறுபடி குளுக்கோஸ் குடிச்சுப் பாக்கணும்"னுச்சு. எதுக்குடின்னேன். போனது போயிருச்சே. "போன மாதிரி இருக்கும்க்கா. இந்தச் சுகர் வந்த பொம்பளைங்களுக்குப் பின்னால நெசமான சுகர் வர்றது ரொம்பச் சாதாரணம். இப்ப ஒரு தடவ, அப்புறம் வருஷா வருஷம் பாக்கணும். அடுத்த புள்ளைக்கு முன்னாடியும் பாக்கணும்"னுச்சு. வருஷா வருஷமாம்! திருவிழாவா இது?

பச்ச உடம்புக்காரிய ராத்திரி சாப்ட்டதோட பட்டினி போட்டு, அந்தப் பாகுத் தண்ணிய ஊத்தி, பாலு வத்திப் போனா யாரு பொறுப்பு? ஊசிக்குப் போன அன்னிக்கு பாலு வத்திரும்னு மேகலாவப் பயமுறுத்தி நானே நாலு இட்லி ஊட்டி விட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன். "அய்யய்யோ, மறந்துட்டம்மா"ன்னு சொல்லிட்டேன். மறு வாரம் வரச் சொல்லுச்சு. அன்னிக்கும் மறந்தேன். மூணாவது தடவ ஜெசிந்தா என் மூஞ்சியவே பாத்துச்சு. "அக்கா, நீங்க மறக்கற ஆளு இல்ல. வெளிய எந்த லேப்புலயாச்சும் எடுத்துட்டு ரிப்போர்ட்டக் குடுங்க, போதும். இல்லேன்னா அவங்க மாமியா வீட்டுக்குப் போனதும் அந்த ஊரு நர்ஸுக்குத் தகவல் அனுப்பி, அங்க வந்து பாக்கச் சொல்லிருவேன்."

அந்த ஊரு நர்ஸு ருக்மணி வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி, "உங்க மருமகளுக்கு சுகர் இருந்துச்சே, பாத்தீங்களா?"ன்னு கேட்டா? அதவிட நான் செத்துரலாம்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசன வந்துச்சு. இப்ப நினைச்சாலும் தப்புன்னு தோணல. ரிப்போர்ட்டுதானே வேணும்? யாரு ரத்தமா இருந்தா என்ன? என் உடம்பு சுத்தம். என் ரத்தத்தக் குடுத்தா நம்பர் சுத்தமா வரும். காயிதத்தக் குடுத்துட்டா ஜெசிந்தா வாய மூடிரும்.

மேகலா தூங்கிட்டு இருந்தா. அரிசி டின்னுக்கு அடியில இருந்த அட்டைய எடுத்துக்கிட்டேன். டவுன்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு லேப்பு. அங்க இருந்த பொண்ணு தலையக்கூட நிமித்தல. அட்டையப் பாத்தே பேரு, வயசு, போன் நம்பரு எல்லாம் எழுதிக்கிச்சு. வயசு இருபத்தஞ்சு. என் கையப் புடிச்சு ஊசியக் குத்துது, கையில நரம்பு பொடைச்சுக்கிட்டு நிக்குது, வெந்து போன தழும்பெல்லாம் இருக்கு, இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு கைன்னு நம்புது. இவங்கள நம்பி நாம உசுரக் குடுக்கறோம், தூ.

அப்புறம் அந்தத் தண்ணி. பாகு நக்கிப் பழகின நாக்குதான் எனக்கு, அதுக்கே தாங்கல. தொண்டையில பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, ஏப்பம் ஏப்பமா வந்துச்சு. ரெண்டு மணி நேரம் முந்தானையில வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். என் மகளுக்காகத்தானே? இவ்வளவு செஞ்சேன், யாராச்சும் அதச் சொல்றாங்களா?

சாயங்காலம் ரிப்போர்ட்டு. வெறும் வயித்துல நூத்தி எழுவத்தி ஒண்ணு. தண்ணி குடிச்சப்புறம் எரநூத்தி தொண்ணூத்தி எட்டு. பக்கத்துல நின்ன மருந்துக் கடைக்காரரு எட்டிப் பாத்துட்டு, "யாருக்கும்மா? சீக்கிரம் டாக்டரப் பாருங்க"ன்னாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. எனக்காம், எரநூத்தி தொண்ணூத்தி எட்டாம்! மெஷினு கெட்டுப் போயிருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து அடுப்புல போட்டேன் அந்தக் காயிதத்த. நாளைக்கு வேற லேப்புக்குப் போலாம்னு இருந்தேன்.

ஆனா ஒண்ண கவனிக்காம விட்டுட்டேங்க. அந்த அட்டையில இருந்த போன் நம்பரு என்னோடது இல்ல, மேகலாவோடதும் இல்ல. அவ புருஷன் நம்பரு. லேப்புக்காரங்க இப்பல்லாம் ரிப்போர்ட்ட வாட்ஸப்புல அனுப்பிருவாங்களாமே? எனக்கு என்ன தெரியும்?

மறுநா காலையில பத்து மணி இருக்கும். பாகு அடுப்புல இருக்கு. வாசல்ல கார் சத்தம். மாப்ள எறங்கறாரு, பின்னாலயே ருக்மணி. வாங்க சம்பந்தின்னேன். தண்ணி குடுத்தேன், வாங்கல. ருக்மணி போன எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. "மேகலா. இருபத்தஞ்சு வயசு. எரநூத்தி தொண்ணூத்தி எட்டு. இது என்ன சம்பந்தி?"

அடுப்புல பாகு பொங்குது. நான் அதப் பாக்கப் போற மாதிரி உள்ள போயிட்டேன். திரும்பி வந்தா, மேகலா எழுந்து வந்து அந்தப் போன வாங்கிப் பாத்துக்கிட்டு நிக்கறா. "நான் எந்த லேப்புக்கும்..."னு ஆரம்பிச்சா. என்னப் பாத்தா. நான் அவளப் பாக்கல. செவத்துல தொங்கற காலண்டரப் பாத்தேன். அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, வாய மூடிக்கிட்டா. எனக்காகத்தான் மூடினா, அது எனக்குத் தெரியும்.

ருக்மணி மட்டும் சும்மா இருக்குமா? "இந்தச் சக்கரையெல்லாம் பால்ல எறங்கி என் பேத்திக்குப் போயிருக்கும். இனிமே தாய்ப்பால் வேண்டாம்"னு கையோட கொண்டு வந்த டப்பாப் பாலையும் பாட்டலையும் எடுத்துச்சு. வெந்நி வாங்கி, கலக்கி, அந்தப் பச்சப் புள்ள வாயில ரப்பரத் திணிச்சுச்சு. புள்ள துப்புது, கக்குது, கத்துது. என் மக மாராப்பெல்லாம் பாலு நனைஞ்சு போயி ஒரு ஓரமா நிக்கறா. அந்த ரப்பர் வாடையும், டப்பாப் பால் வாடையும், தீஞ்சு போன பாகு வாடையும். வீட்டுல நிக்க முடியல. ஆனாலும் நான் பேசல. பாருங்க, அப்பவும் நான் பேசல.

மேகலா ரூமுக்குள்ள போயி ஜெசிந்தாவுக்குப் போன் போட்டிருக்கா. கால் மணி நேரத்துல வந்துருச்சு. வந்ததும் பாட்டலப் புடுங்கி ஓரமா வச்சுது. "யாரு சொன்னா உங்களுக்கு? சுகர் பால் வழியா புள்ளைக்குப் போகாது. பால் குடுக்கறதுதான் தாய்க்கும் நல்லது, புள்ளைக்கும் நல்லது"ன்னு சம்பந்தியம்மாளையே அதட்டுச்சு. எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியா இருந்துச்சு. அப்புறம் அந்தப் போனப் பாத்துச்சு. அது மூஞ்சி மாறிருச்சு. "இவ்வளவா? ரெண்டு மாசத்துலயா? மேகலா, கெளம்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். இன்னிக்கே ஊசி ஆரம்பிக்க வேண்டி வரும்"னுச்சு.

ஊசி. சுகரக் கொறைக்கற ஊசி. இல்லாத சுகருக்கு அந்த ஊசியப் போட்டா என்னாகும்? எனக்கு அவ்வளவு வெவரம் தெரியாதுங்க. ஆனா எங்க தெருவுல ஒரு ஆளு அந்த ஊசியப் போட்டுக்கிட்டுச் சாப்புடாம விட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போயி விழுந்து கெடந்தத நான் பாத்திருக்கேன். மாப்ள காரத் திருப்பிட்டாரு. மேகலா செருப்புல கால விட்டா. என்ன ஒரு பார்வ பாத்தா, அவ்வளவுதான்.

"அது என் ரத்தம்!"னு கத்திட்டேன். வாசப்படியில நின்னு, தெருவே கேக்கற மாதிரி. "அவ போகல. நான்தான் போனேன். அது என் ரத்தம், என் நம்பரு!"

அப்புறம் ருக்மணி என்ன பண்ணுச்சு தெரியுமா? தலையில கைய வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்துட்டு, "எம் மகனுக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க கையையா குத்திக்கிட்டீங்க சம்பந்தி?"ன்னு சிரிக்குது. சிரிப்புங்க! கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிப்பு. சண்ட போட்டிருந்தாக்கூட எனக்கு மரியாதையா இருந்திருக்கும். அப்புறம் என் கையப் புடிச்சு, "நான் அன்னிக்கு சுகர் பத்திக் கேட்டது, எங்க வீட்டுக்காரரு சுகர்ல காலப் பறிகொடுத்து செத்தாரு. அந்த வேதன தெரிஞ்சவங்கறதால கேட்டேன்"னுச்சு. இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? சொன்னா எனக்குப் புரியாதா? வாய மூடி வச்சுக்கிட்டு அப்புறம் நல்லவ மாதிரி பேசறது. எனக்கு அந்தக் கைய உதறணும் போல இருந்துச்சு.

மறுநாளே ருக்மணியே மேகலாவ வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போச்சு. மாப்ள புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் வராண்டாவுல நடந்தாராம். பாலும் வத்தல, ஒண்ணும் வத்தல. நம்பரு எல்லைக்கோட்டுல நிக்குதாம். சுகர் இல்ல, ஆனா வர்றதுக்கு வழி பாத்துக்கிட்டு நிக்குதாம். இப்பவே நடந்து, வாயக் கட்டினா தள்ளிப் போடலாம், வராமலே கூடப் போகலாம்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நான் இட்லி ஊட்டின நாள்லயே பாத்திருந்தா இன்னும் ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதானே? பெரிய குத்தம் மாதிரி என் மக எங்கிட்ட மூணு நாள் பேசல. அப்புறம் அவங்களோட போயிட்டா. போறப்ப, "நீ ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டற வரைக்கும் புள்ளைய இங்க தூக்கிட்டு வர மாட்டேன்"னு சொல்லிட்டுப் போனா. பெத்த தாயிகிட்ட பேசற பேச்சா அது?

அத்தோட முடிஞ்சிருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேங்க. வீம்புக்கு வீடடைச்சு உக்காந்திருப்பேன். அதுக்கு அடுத்த நா ஜெசிந்தா வந்துச்சு. வீட்டுல நான் மட்டும்தான். நாற்காலியப் போட்டு எனக்கு நேரா உக்காந்துக்கிட்டு, கேட்டுச்சு: "அக்கா, உங்களுக்கு மேகலா மட்டும்தானா? வேற பிரசவம் ஏதாச்சும்?"

ஒண்ணு இருந்துச்சுன்னேன். மேகலாவுக்கு மூணு வயசுல. பையன்.

"எத்தன கிலோ?"

இந்தக் கேள்விய இருபத்திரெண்டு வருஷத்துல என்ன ஒருத்தரும் கேட்டதில்லைங்க. நாலு கிலோ முந்நூறு. அப்படி ஒரு புள்ளைய அந்த ஆஸ்பத்திரியே பாத்ததில்ல. கன்னமும் கையும் மடிப்பு மடிப்பா. மூணு மாசத்துப் புள்ள மாதிரி. எனக்குப் பெருமைன்னா பெருமை. வந்தவங்க எல்லாருக்கும் துணிய வெலக்கிக் காட்டினேன். பொறந்த மறுநா காலையில ஒடம்பு வெட வெடன்னு நடுங்குச்சு. சில்லுன்னு போயிருச்சு. டாக்டரு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

அதுக்கு மொத நாள்தான் என் வீட்டுக்காரரு தங்கச்சி வந்து பாத்துட்டுப் போனா. வளர்மதி. கல்யாணமாயி ஆறு வருஷம், வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. தொட்டிலுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "யம்மாடி, எவ்வளவு பெரிய புள்ள அண்ணி!"ன்னா. அது போதாதா? அவ கண்ணுதான். நான் அன்னிக்கே சொன்னேன், எல்லார் முன்னாடியும் சொன்னேன், என் புள்ளைய முழுங்கினவ இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. அவ ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. மிதிக்கவும் இல்ல. மாமியா செத்தப்பக்கூட, பெத்த தாயோட பொணத்த அவ தெருவுல நின்னுதான் பாத்தா. பலகாரம் போடப் போற வீட்டுலயெல்லாம் நான் சொல்லுவேன், வளைகாப்புக்கு அவள மட்டும் கூப்புட்டுராதீங்கன்னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். நான் சொன்னா எங்க பக்கம் கேப்பாங்க. ஒரு வீட்டுலயும் அவளக் கூப்புடறதில்ல. மேகலா வளைகாப்புக்கும் நான் கூப்புடல.

இத்தனையும் ஜெசிந்தா கேட்டுச்சு. கேட்டுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம் மெதுவா சொல்லுது, "அக்கா, தாய்க்கு சுகர் இருந்து பாக்காம விட்டா, புள்ள அப்படித்தான் பெருசாப் பொறக்கும். பொறந்ததும் புள்ளைக்குச் சக்கரை சட்டுனு எறங்கிரும், நடுங்கும். அப்பல்லாம் யாரும் டெஸ்ட் எடுக்கல. உங்களுக்கு அப்பவே இருந்திருக்கலாம்க்கா. கண்ணெல்லாம் இல்ல."

வெளிய போடின்னேன். ஆமாங்க, அப்படியே சொன்னேன், வெளிய போடின்னு. எவ்வளவு திமிரு? என் புள்ள செத்ததுக்கு நானே காரணம்னு எவ்வளவு நைசா சொல்லிட்டுப் போறா! "காரணம் நீங்க இல்லக்கா, யாரும் பாக்காம விட்டாங்க"ன்னு வாசல்ல நின்னு வேற சொல்லுது. எனக்குக் காது கேக்கல. அன்னிக்கு முழுக்கப் பாகு வச்சேன், ஒரு பதமும் வரல. நாலு தடவ கொட்டினேன். நக்கிப் பாக்கவே அருவருப்பா இருந்துச்சு.

போன ஞாயித்துக்கெழம, எனக்கு சுகர்னு அவ அண்ணன், அதான் என் வீட்டுக்காரரு, சொல்லிக் கேள்விப்பட்டு வளர்மதி வந்தா. கேட்டுக்கு வெளிய நின்னா. கையில ஒரு பை. தோட்டத்துல காச்ச பாவக்காயாம். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு அவளுக்கு. "உடம்பப் பாத்துக்கங்க அண்ணி"ன்னா. உள்ள வான்னு நான் சொல்லணும்னு அவ எதிர்பாக்கவும் இல்ல, கேட்டு மேல கைகூட வைக்கல, அந்தப் பைய வெளித் திட்டுல வச்சா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அடுப்புல பால் பொங்குதுன்னு உள்ள போயிட்டேன். அடுப்புல பாலே இல்லைங்க. உள்ள நின்னுக்கிட்டு, அவ செருப்புச் சத்தம் தெரு முக்கு திரும்பற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தேன். சீ, என்ன பொம்பள நான்னு இருந்துச்சு. அந்தப் பாவக்காயத் தொடவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. அங்கயே வதங்கிப் போச்சு.

அதனாலதான் வந்தேன். மகளுக்காக வரல, அவ மெரட்டினதுக்காகவும் வரல. இன்னிக்கு நம்பரு கம்மியா வந்துச்சுன்னா, அந்த லேப்பு மெஷினு பொய்யி, ஜெசிந்தா சொன்னது பொய்யி. எனக்கு இன்னிக்கும் இல்ல, அன்னிக்கும் இல்ல. அப்ப அது வளர்மதி கண்ணுதான். நான் இருபத்திரெண்டு வருஷம் செஞ்சதெல்லாம் சரி. கம்மியாத்தாங்க வரும். வந்துதான் ஆகணும். வரலேன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பொம்பள வீட்டுக்குப் போவேன்? போயி என்னன்னு சொல்லுவேன்?

யாரு, இந்திராணியா? ஆமா, என்னத்தான் கூப்புடுது. ரெண்டு மணி நேரம் ஆயிருச்சா அதுக்குள்ள?

உங்க டோக்கன் எத்தன? எனக்கு அடுத்ததுதானே? நீங்க போங்கம்மா முன்னாடி. ஃபைல நான் வச்சிருக்கேன். எனக்கென்ன அவசரம், நான் உக்காந்திருக்கேன்.